சமத்தாகத் தூங்கும் குழந்தையும் நனையாத துணியும்

பிறந்து ஐந்தாம் நாள். குழந்தை அழுவதில்லை, பாலுக்கு முரண்டு பிடிப்பதில்லை, தொட்டிலில் போட்டது போட்டபடி கிடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் "என்ன சமத்து!" என்று திருஷ்டி கழிக்கிறார்கள். காலையில் கட்டிய துணி மாலை வரை நனையவில்லை என்பது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. பால் போதாமல் உடல் வற்றி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து, அது திடீரென முடங்குவது பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது.

ஆகவே முதல் தவறு, ஈரத்துணியை எண்ணாமல் விடுவது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் சிறுநீர் கழித்துவிடும். 48 மணி நேரம் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும். எடையும் ஒரு சாட்சி. முதல் சில நாட்களில் கொஞ்சம் குறைவது இயல்பு. ஆனால் 3 கிலோவில் பிறந்த குழந்தை 2.6 கிலோவுக்கு இறங்கியிருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தலைப்பிரசவம், சிசேரியன், கத்திரி வெயில், ஜன்னல் சாத்திய அறை, போதாக்குறைக்குக் கம்பளிக் குல்லா எல்லாம் சேர்ந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். டயப்பர் எவ்வளவு ஈரத்தையும் விழுங்கிவிடும். முதல் வாரத்துக்குப் பழைய வேட்டித் துணியே மேல் என்பது என் கட்சி. ஆண் குழந்தை பீய்ச்சி அடிக்கிறதா, சொட்டுச் சொட்டாக விடுகிறதா என்பதும் துணியை மாற்றும்போதுதான் தெரியும். சொட்டினால் சிறுநீர்ப் பாதையில் அடைப்பு இருக்கலாம்.

துணியில் செங்கல் பொடி நிறத்தில் கறை படிந்தால் ரத்தம் என்று அலறுகிறவர்கள் உண்டு. முதல் இரண்டு மூன்று நாட்களில் அது பெரும்பாலும் சிறுநீரில் இயல்பாக வரும் யூரேட் உப்புதான். ஐந்தாம் நாளுக்குப் பிறகும் தெரிந்தால் பால் போதாமல் இருக்கலாம்.

உடனே சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் என்று கிளம்புவது அடுத்த தவறு. வயிறு நிரம்பிய குழந்தை மார்பைச் சப்பாது. சப்பாவிட்டால் பால் சுரப்பு இன்னும் குறையும். அதைவிட ஆபத்து வேறொன்று உண்டு. வற்றிய குழந்தையின் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து, 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது, 150-ஐத் தாண்டியிருக்கலாம். அப்போது தண்ணீரைப் புகட்டினால் சோடியம் சட்டென்று இறங்கி, மூளை வீங்கி, வலிப்பு வரலாம். மருத்துவமனையில் இரண்டு நாளாவது எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறக்குவது அதனால்தான். "தாய்க்குப் பால் ஊறவில்லை" என்று பழி போடுவதற்கு முன், குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்று செவிலியரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், கிருமித்தொற்று ஆகியவற்றாலும் சிறுநீரகம் பாதிக்கப்படும். இந்தியா உட்பட நான்கு நாடுகளின் 24 மையங்களில் நடந்து, 2017-இல் வெளியான 'அவேக்கன்' ஆய்வில், தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளில் சுமார் 30 சதவீதத்தினருக்கு இந்தப் பாதிப்பு தெரிந்தது. இங்கே ஏமாற்றுவது லேப் காகிதம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று அதில் இருக்கும். முதல் நாள் கிரியேட்டினின் பெரும்பாலும் தாயுடையது. நிறைமாதக் குழந்தைக்கு அது நாளுக்கு நாள் இறங்க வேண்டும். 0.4 இருந்தது 0.8 ஆனால் இரு மடங்கு. ஆனால் காகிதத்தில் அச்சாகியிருப்பது பெரியவர்களின் அளவுகோல் என்றால், 0.8-க்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இருக்காது. "நார்மல்" என்று மடித்து வைத்துவிடுவார்கள். முந்தைய எண்ணோடு ஒப்பிடாமல் ஒற்றை எண்ணை நம்பக் கூடாது. "சிறுநீர் போகிறதே" என்ற நிம்மதியும் போதாது. சிறுநீர் குறையாமலே சிறுநீரகம் பழுதாவதும் உண்டு, குறிப்பாகக் கிருமித்தொற்றுக்குக் கொடுக்கும் ஜென்டாமைசின் போன்ற மருந்துகளால்.

மூத்த குழந்தைக்கு வாங்கி மீந்த காய்ச்சல் சிரப்பைப் பச்சிளங்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. சில சிரப்புகளில் இருக்கும் ஐபுபுரூஃபன் அந்தச் சிறுநீரகத்துக்கு ஆகாது.

கிரியேட்டினின் இறங்கி வீடு திரும்பியதும் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டைத் தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொண்டு, ஊசி போடப் போகும்போது ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் எப்போது பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கைக்குழந்தைக்கென்று சின்னப் பட்டை இருக்கிறது. கேட்டால்தான் அதை எடுப்பார்கள்.