வயது வரம்பும் பெற்றோர் சம்மதமும்: பிள்ளைகளை விவாதத்துக்குத் தயார் செய்ய

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் படிவம் 4, 5 (16, 17 வயது) பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் விவாதப் பயிற்சி கொடுக்கிறேன். பாதிப் பேருக்கு மேல் தோட்டத்திலிருந்து தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். திருமணத்துக்குப் பெற்றோர் சம்மதம் என்ற இந்தத் தலைப்பை எடுத்தால் எல்லாருக்கும் பேச விஷயம் இருக்கும். ஆனால் சரியாக அமைத்துக் கொடுக்காவிட்டால் பேச்சு "அந்தக் காலம், இந்தக் காலம்" என்றே போய்விடும்.

முதலில் தலைப்பை இறுக்குங்கள். "பிள்ளைகளுக்கு எவ்வளவு சுதந்திரம்?" என்பது வேண்டாம். நான் வைக்கும் தலைப்பு: "18 வயது நிரம்பியவர் திருமணம் செய்யப் பெற்றோர் சம்மதத்தைச் சட்டம் கேட்கக்கூடாது."

அப்புறம் பலகையில் வயதுகளை எழுதச் சொல்லுங்கள். 16 வயதில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கலாம். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதில் பெரியவர். ஓட்டுரிமை வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைக்க 2019-இல் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. 2021 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில், 21 நிரம்பும் வரை எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதாவது, நாட்டை யார் ஆளலாம் என்று முடிவு செய்யும் பிள்ளை, யாரைக் கட்டலாம் என்பதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். பலகையில் இதைப் பார்த்ததும் பிள்ளைகளே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இங்கே ஒரு குழப்பம் கண்டிப்பாக வரும். வயது வரம்பு வேறு, சம்மதம் வேறு. 18-க்குக் கீழே நடக்கும் திருமணம் செல்லாது. 16 நிரம்பிய பெண்ணுக்கு மட்டும் மந்திரி புசார் (மாநில முதலமைச்சர்) உரிமம் கொடுத்தால் செல்லும். அப்பா அம்மா எவ்வளவு சம்மதித்தாலும் இந்த விதியைத் தாண்ட முடியாது. பையனுக்கு இந்த விலக்கு கிடையாது. பெண்ணுக்கு மட்டும் எதற்கு? இந்தக் கேள்வியைத் தனியாக ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைச் சத்தமாக வாசிக்க வையுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. சம்மதம் தரவேண்டியவர் தகப்பன். தகப்பன் இறந்திருந்தால், அல்லது பெற்றோர் திருமணம் செய்யாதிருந்தால்தான் தாய். சிறார் பாதுகாவலர் சட்டம் 1999-இல் திருத்தப்பட்டு, பிள்ளை விஷயத்தில் தாய், தகப்பன் இருவருக்கும் சம உரிமை வந்த பிறகும் இந்தப் பிரிவு இப்படித்தான் இருக்கிறது. இதை வாசித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்பா இருக்காரு டீச்சர், ஆனா எங்க இருக்காருன்னே தெரியாது. பாட்டிதான் வளர்த்தாங்க. யாரு கையெழுத்துப் போடறது?" சம்மதம் பெறவே வழியில்லை என்றாலும், காரணமில்லாமல் மறுத்தாலும் நீதிமன்றம் சம்மதம் தரலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அதற்கு வக்கீல், ஈப்போவுக்கு அலைச்சல், வேலைக்கு லீவு எல்லாம் வேண்டும். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு. எந்த அணிக்கும் இதைவிடக் கனமான உதாரணத்தை என்னால் தேடித்தர முடியாது.

சம்மதம் வேண்டும் என்று நினைக்கும் பிள்ளையை வேண்டாம் என்ற அணியில் போடுங்கள். மற்றவரையும் அப்படியே மாற்றுங்கள். எதிரணிக்கு, "பெற்றோர் பாசம்" என்று பேசக் கூடாது என்று கட்டளை போடுவேன். 18 வயதுப் பெண்ணை யாராவது அவசரப்படுத்தினால், யோசிக்க நேரம் வாங்கித் தருவது இந்தக் கையெழுத்துதான் என்று அவர்கள் வாதாடட்டும். அது நல்ல வாதம். ஆதரவு அணி அதற்குப் பதில் தேட வேண்டும்: அவசரப்படுத்துகிறவரே தகப்பனாக இருந்தால்? அவர் கையெழுத்து யாரிடமிருந்து யாரைக் காக்கிறது? என் மனது இந்தப் பக்கம்தான் சாய்கிறது. பிள்ளைகளிடம் அதைக் காட்டமாட்டேன்.

ஊரில் நடந்த கல்யாணம், ஓடிப்போன கதை எதையும் பெயர் சொல்லி எடுக்க விடாதீர்கள். சின்ன ஊர், பேசப்படும் பெண்ணின் தம்பி பின்வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

நடுவராகப் பிள்ளைகளின் அம்மாக்களில் இருவரைக் கூப்பிடுங்கள். தீர்ப்புக்கு முன் ஒவ்வொரு அணியிடமும் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். யார் அழகாகப் பேசினார் என்று பார்க்காமல், அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்து அவர்கள் மதிப்பெண் போடட்டும்.