பற்றைக்காடு வெட்ட மெசின் பிடிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி, ஆவணியில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போனால் எங்கும் மெசின், அதாவது உழவு இயந்திரச் சத்தம்தான். பெரும்போகத்துக்கு முன் காணியை வெளியாக்கிவிட வேண்டும். மெசினுக்கோ மணித்தியாலக் கணக்கில் கூலி. நான் பார்த்த விபத்துகளில் அநேகமானவை அந்தக் கூலிக்குப் பயந்து அவசரப்பட்டதால் வந்தவை.

முதல் தவறு, காணியை விசாரிக்காமல் மெசினை இறக்குவது. வாகரையிலும் வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கங்களிலும் 2006, 2007இல் சனம் இடம்பெயர்ந்து, பிறகு பற்றை மூடிப்போன வளவுகள் உண்டு. கட்டு இடிந்த கிணற்றின் மேல் நாயுண்ணி படர்ந்தால் கிணறு இருப்பதே தெரியாது, முன்சில்லு உள்ளே இறங்கிய பிறகுதான் தெரியும். ஆகவே முதல் நாளே ஊரின் பழைய ஆட்களிடம் கிணறு, மலசலகூடக் குழி, பழைய முட்கம்பி வேலி எங்கெங்கே என்று கேட்டு, தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். "அதில் சென்றி இருந்தது" (யுத்தகாலக் காவலரண்) என்று யாராவது சொன்னால் அங்கே மிதிவெடி, வெடிக்காத குண்டு இருக்கலாம். நீங்களும் உள்ளே நடக்க வேண்டாம், கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். துருப்பிடித்த இரும்பு ஏதும் கண்ணில் பட்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து 119க்கு அறிவியுங்கள். அப்படிப்பட்ட காணியில் பற்றைக்கு நெருப்பு வைப்பதும் ஆபத்து. கச்சான் நேரத்தில் எந்தக் காணியிலும் நெருப்பு வேண்டாம், அது உங்கள் எல்லையில் நிற்காது.

அடுத்தது, வெட்டிய மரத்தின் அடிக்குற்றியை மெசினால் இழுப்பது. இதில்தான் உயிர் போகிறது. கலப்பை பூட்டும் மேல்கம்பியிலோ பின் அச்சிலோ சங்கிலியைக் கட்டி இழுக்கிறார்கள். குற்றி அசையாவிட்டால் பின்சில்லு மண்ணில் இறுகி நின்றுவிடும். சில்லைச் சுழற்ற முடியாத என்ஜின் பலம், மெசினின் மூக்கைத் தூக்கும். ஓரிரு விநாடியில் மெசின் பின்பக்கமாகக் குப்புறும், கிளச்சை மிதிக்கக்கூட நேரம் கிடைக்காது. எங்கள் பக்கத்து மெசின்கள் பலவற்றில் சாரதியின் தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டமும் இல்லை. என் மச்சான் ஒரு வேப்பங்குற்றியை இப்படி இழுத்தபோது முன்சில்லு இரண்டும் ஆள் உயரத்துக்குக் கிளம்பின. சங்கிலி அறுந்ததால் தப்பினார். அந்தச் சங்கிலி புதிதாக இருந்திருந்தால் இன்று அவர் இல்லை.

இழுவைப் பெட்டி கொளுவும் கொழுக்கியில், பின் அச்சுக்குக் கீழேதான் கட்ட வேண்டும். முதலில் குற்றியைச் சுற்றித் தோண்டிப் பக்கவேர்களை வெட்டிவிடுங்கள். சின்னக் கியரில் மெதுவாகச் சங்கிலியை இறுக்குங்கள். ஓடிவந்து சடுதியாகச் சுண்டி இழுப்பது கூடவே கூடாது. நைலோன் கயிறும் வேண்டாம். அது இழுபட்டு அறுந்தால் சவுக்குப் போல வந்து அடிக்கும். மற்றவர்கள் சங்கிலி நீளத்தைவிட அதிக தூரத்தில்தான் நிற்க வேண்டும், பிள்ளைகளை வளவுக்கே கொண்டுவராதீர்கள்.

மரத்தை மெசினால் தள்ளி விழுத்துவது வேறு ஆபத்து. மரம் சாயும்போது வேர்க்கட்டி மண்ணோடு கிளம்பி மெசினின் முன்பக்கத்தையே தூக்கிவிடும். பட்டமரமென்றால் தள்ளிய அதிர்ச்சியிலேயே மேல்கிளை முறிந்து சாரதியின் தலையில் விழும். பெரிய மரத்தை அறுக்கத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். பக்கத்தில் கரண்ட் கம்பி போனால் மின்சார அலுவலகத்துக்குச் சொல்லாமல் கை வைக்காதீர்கள்.

சாரத்தோடு மெசினுக்குப் பின்னால் நிற்பது நம் ஆட்களின் வழக்கம். பற்றை வெட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9 சுற்று. சாரத்தின் நுனி அதில் மாட்டினால் காலை இழுத்துக்கொள்ளும். காற்சட்டை போடுங்கள். கருவியில் கொடி சிக்கினால் என்ஜினை நிறுத்தி, தண்டு நின்ற பிறகே இறங்குங்கள்.

வாவிக்கரைக் காணியென்றால் தில்லை மரத்தைக் கவனியுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கும். வாவியோரக் கண்டல் மரங்களை வெட்டவே கூடாது. பனையை அனுமதி எடுக்காமல் தறிக்க முடியாது, பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

கூலி பேசும்போதே, காணியைச் சுற்றிப் பார்க்கும் நேரத்துக்கும் காசு தருவதாகச் சாரதியிடம் சொல்லிவிடுங்கள். அப்போது அவரும் அவசரப்பட மாட்டார். பொழுது சாயும்போது ஒரு குற்றி மிச்சமிருந்தாலும் நாளைக்கு விடுங்கள். அந்திபட்டால் படுவான்கரையில் யானை இறங்கும்.