பிளட்டுக்குள்ள விதை போடுற ஆக்கள் விடுற பிழையள்

போன வருஷம் வெள்ளவத்தையில எங்கட மூண்டாம் மாடி பிளட்டில, யூடியூப் பாத்துப் பாத்து மிளகாய் விதை போட்டனான், அதில சொன்னபடி சூடு போகக் கூடாதெண்டு யோகட் கப்புக்கு மேல பொலித்தீன் கட்டி, முளைச்சாப் பிறகும் கழட்டேல்ல. ரெண்டு நாளில எல்லாம் சாஞ்சு போச்சு, தண்டின்ர அடி நூல் மாதிரி மெலிஞ்சு கறுத்துக் கிடந்துது. இதைத்தான் நாற்றழுகல் எண்டுறது, பித்தியம் மாதிரி பூஞ்சணம் போல இருக்கிற கிருமியள் செய்யிற வேலை, ஈரமும் காத்தோட்டம் இல்லாததும் சேந்தா அதுக்குக் கொண்டாட்டம். அந்த வீடியோக்காரர் பனி கொட்டுற நாட்டில இருந்து கதைக்கிறார், எங்களுக்கு எங்க குளிர்? இஞ்ச உள்ளுக்குள்ள விதை போடுறது மழைக்கும் எறும்புக்கும் அணிலுக்கும் பயந்துதான். மூடினாலும் முதல் முளை தெரிஞ்ச உடன கழட்டிப் போடுங்கோ.

தண்ணியும் அப்பிடித்தான். கப்புக்குக் கீழ ஓட்டை போடாம, ஒவ்வொரு நாளும் மேலால ஊத்திக்கொண்டிருந்தா அழுகாம என்ன செய்யும்? கப்பை ஒரு தட்டுத் தண்ணியில கொஞ்ச நேரம் வைச்சு எடுங்கோ, கீழால உறிஞ்சும். மேல்மண் காஞ்ச மாதிரி இருந்தாத்தான் திரும்ப. வெறும் முற்றத்து மண்ணையும் போடாதேங்கோ, இறுகிப் போகும். தும்புத்தூள் நல்லம், ஆனா அதில உப்பு இருக்கலாம், ரெண்டு மூண்டு தரம் அலசுங்கோ. அதில சத்து ஒண்டும் பெரிசா இல்லை, அதால முளையிலை ரெண்டுக்கும் மேல சரியான இலை வந்தாப் பிறகு அல்பேர்ட் கரைசலை (தண்ணியில கரைக்கிற உரம்) நல்லாத் தண்ணி கலந்து குடுக்கலாம்.

மற்றப் பெரிய பிழை வெளிச்சம். கொழும்பில வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட 12 மணித்தியாலம் பகல்தான், ஆனா பக்கத்துக் கட்டடம் மறைச்சா யன்னலுக்குள்ள என்ன வரும்? கண்டு வெளிச்சத்தைத் தேடி நெட்டையா வெளிறி வளரும். அதைப் பாத்து "நல்லா வளருது" எண்டு சந்தோசப்பட்டவள் நான். முளைச்ச அண்டே வெளிச்சமான யன்னலடிக்குக் கொண்டு போங்கோ, இல்லாட்டி வெள்ளை எல்இடி பல்பு ஒண்டைக் கிட்டத் தூக்குங்கோ. அதுக்கெண்டு உள்ளுக்குள்ள வளந்ததை ஒரேயடியா மத்தியான வெயிலில வைச்சிடாதேங்கோ, இலை வெந்து வெள்ளையாகும். முதல் நாள் காலமை ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கூட்டி, ஒரு கிழமையாவது பழக்கோணும்.

விதையை ஆழமாப் புதைக்கிறதும் பிழை, விதையின்ர பருமனைப் போல ரெண்டு மடங்கு மண் மூடினாப் போதும். மிளகாய் முளைக்க பத்து நாளுக்கு மேலயும் எடுக்கும், தோண்டிப் பாக்காதேங்கோ. வெண்டி, பயித்தை, முள்ளங்கி எல்லாத்தையும் கப்பில போட்டு மினக்கெட வேண்டாம், சாடியிலயே நேர போடலாம்.

பேர் எழுதி ஒட்டவும் மறக்காதேங்கோ, மிளகாய்க் கண்டும் கறிமிளகாய்க் கண்டும் ஒண்டு போலதான் இருக்கும், எனக்குக் காய் வந்தாப் பிறகுதான் எது எதெண்டு தெரிஞ்சுது.