விளையாட்டு நிர்வாகம் படிக்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மாநில அணிக்காகக் கபடி ஆடிய ஒரு பிள்ளைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்காமல் போக, அவருடைய ஆட்டத்தில் குறை இருக்க வேண்டும் என்பதில்லை. போட்டி நடத்திய சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லை, சான்றிதழ் உரிய படிவத்தில் இல்லை, பிறந்த தேதி ஓர் இடத்தில் ஒரு மாதிரியும் இன்னோர் இடத்தில் வேறு மாதிரியும் இருக்கிறது. இதில் ஒன்று போதும். நிர்வாகி விட்ட பிழைக்கு விளையாடியவர் விலை கொடுக்கிறார். இந்தத் தொழிலைப் படிக்க வருகிற இளைஞர்கள் முதல் நாளே இதை மனதில் வாங்கிக்கொண்டால், பயிற்சிக் காலத்தில் நடக்கிற தவறுகளில் பாதி நடக்காது.

சறுக்கல் கல்லூரியில் சேரும்போதே ஆரம்பித்துவிடுகிறது. “எனக்கு ஸ்போர்ட்ஸ் பிடிக்கும், அதனால் இதில் சேர்கிறேன்” என்று வருபவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது பயிற்சியாளர் வேலை. அதற்கான வழி வேறு. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் 1961-லிருந்து பயிற்சியாளர்களை உருவாக்கி வருகிறது. அங்கே கொடுக்கும் டிப்ளமோ ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பதற்கானது. உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். படித்தால் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆகலாம். நிர்வாகம் இரண்டிலும் சேராதது: மைதானம், ஆட்கள், பணம், கோப்பு, அனுமதி, பாதுகாப்பு. மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை தனிப் படிப்பாகவே இருக்கிறது. சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கி ஒருமுறை முழுதாகப் படியுங்கள். கணக்கும் சட்டமும் வருகிற பக்கங்களைப் பார்த்து அலுப்புத் தட்டினால், உங்கள் இடம் வேறெங்கோ இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குறுகிய காலப் படிப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். “அரசு அங்கீகாரம் பெற்றது” என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். எந்த அங்கீகாரம் என்று கேளுங்கள். அறக்கட்டளையாகப் பதிவு செய்த எண்ணோ, சுவரில் மாட்டிய ஐ.எஸ்.ஓ. சான்றிதழோ படிப்புக்கான அங்கீகாரம் ஆகாது. பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற பல்கலைக்கழகம் தர வேண்டும். திறன் பயிற்சி என்றால் திறன் படிப்புகளை நிலை வாரியாகத் தரம் பிரிக்கும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் அது எந்த நிலை, சான்றிதழில் கையெழுத்திடும் அமைப்பு எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

பயிற்சியின்போது நான் மிகப் பெரிதாக நினைக்கும் குறை, கையால் செய்து பழகாமல் குறிப்பு எடுத்துக்கொண்டே போவது. டிரா, அதாவது யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணை, போடுவதையே எடுத்துக்கொள்வோம். பதினொரு அணிகள் வந்திருக்கின்றன, நாக் அவுட். 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகும் எண்களில் 11-க்கு அடுத்து வருவது 16. அதில் 11 போக 5 பை, அதாவது ஐந்து அணிகள் முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். மேல் பாதியில் 6 அணி, 2 பை. கீழ்ப் பாதியில் 5 அணி, 3 பை. முதல் சுற்றில் மூன்றே ஆட்டம், அதோடு எட்டு அணிகள் நிற்கும். மொத்தம் 10 ஆட்டங்கள். தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்குவது எளிது.

அதே பதினொரு அணிகளும் “எங்களுக்கு லீக் வேண்டும்” என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? முழு லீக் என்றால் 55 ஆட்டங்கள். ஆண்கள் கபடிக்கு இருபது இருபது நிமிடம், நடுவில் ஐந்து நிமிட இடைவேளை. அணி மாறும் நேரமும் சேர்த்தால் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். ஒரே ஆடுதளத்தில் 55 மணி நேரம். சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடியவே முடியாது. ஆறும் ஐந்துமாக இரண்டு குழு பிரித்தால் 25, அரையிறுதி 2, இறுதி 1, ஆக 28. இரண்டு தளம் போட்டால் நாளைக்கு ஏழு மணி நேரத்தில் அடங்கும். ஆனால் இரண்டாவது தளத்துக்கு நடுவர்கள், மேட், ஸ்கோர் எழுத ஆள் எல்லாம் வேண்டும். அந்தச் செலவு பட்ஜெட்டில் இருக்கிறதா? இருட்டிய பிறகும் ஆட்டம் நீண்டால் விளக்கு வாடகை ஏறும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. டிராவில் தொடங்கி வாடகை, அனுமதி, ஆள்பலம் என்று ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும் இந்தக் கணக்கைத்தான் பழக வேண்டும். மாவட்டப் போட்டிகளில் நுழைவு மேசையில் உட்கார்ந்து பார்க்காமல் இது வராது.

பாதுகாப்புப் பாடத்தைக் கடைசி வாரத்தில் புரட்டிவிட்டுப் போகும் வழக்கம் மாற வேண்டும். 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் ஜூனியர் தேசியக் கபடிப் போட்டியின் தொடக்க நாளில் தற்காலிக கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2025 ஜூன் 4-ம் தேதி பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்த கூட்டத்தில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். கேலரி எத்தனை பேரைத் தாங்கும், எந்த வாசல் எப்போது திறக்கும், ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமாக உள்ளே வரும், கூட்டம் மீறினால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதெல்லாம் போட்டிக்கு முந்தைய நாளே தாளில் இருக்க வேண்டும். சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் கட்டி கேலரி எழுப்பும் ஊர்களில், பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒருவரையும் ஏற்றக் கூடாது என்று சொல்லும் துணிச்சல் இளம் நிர்வாகிக்கு வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

சிறுவர், சிறுமியரை வெளியூர் அழைத்துப் போகும்போதும் இதே கண்டிப்பு தேவை. பெண் பிள்ளைகளோடு ஒரு பெண் மேலாளர், தங்குமிடத்தில் தனி அறைகள், பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டத்தின்படி, குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் கொடுப்பது கடமை. “சங்கத்தின் பெயர் கெட்டுவிடும்” என்று மறைப்பதும் குற்றம்தான். இதைப் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

கோப்பு வேலையை எழுத்தர் பார்த்துக்கொள்வார் என்று ஒதுங்குவது அடுத்த தவறு. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டுச் சான்றிதழில் போட்டிக்கு ஏற்பத் தனித்தனிப் படிவங்கள் உண்டு: நாட்டுக்காக ஆடியவருக்கு 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு 3, தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்கு 4. ஒவ்வொன்றிலும் கையெழுத்திட வேண்டியவர் வேறு. தமிழக அரசு வேலைகளிலும் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒரே விளையாட்டுக்கு இரண்டு சங்கங்கள் போட்டி போடும் மாவட்டங்களில், எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதை அணி கிளம்பும் முன்பே உறுதிசெய்ய வேண்டும். அரசு மானியம் வாங்கினால், பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ரசீதுகளைப் போட்டி முடிந்து தேடினால் கிடைக்காது. 2025-ல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நிறைவேறிவிட்டது. தேசிய விளையாட்டு வாரியம், தகராறுகளுக்குத் தீர்ப்பாயம் என்று அமைப்பே மாறுகிறது. உங்கள் நிறுவனம் இன்னும் 2011-ன் விளையாட்டு விதித்தொகுப்போடு பாடத்தை முடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

விளையாட்டு நிர்வாகத்தில் பொழுதுபோக்குப் பிரிவைச் சின்னதாக நினைப்பவர்களும் நிறைய. ஐ.பி.எல். அணி அலுவலகத்தில்தான் வேலை என்று காத்திருப்பார்கள். அங்கே இடம் மிகக் குறைவு. நீச்சல் குளம், அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸ், மாநகராட்சிப் பூங்கா, பள்ளி விடுமுறை முகாம், முதியோருக்கான உடற்பயிற்சி வகுப்பு என்று ஊரெங்கும் பரவிக் கிடக்கும் இடங்களுக்குத்தான் பயிற்சி பெற்ற ஆள் கிடைப்பதில்லை. குளத்து நீரின் குளோரின் அளவைத் தினமும் பதிவு செய்யவும், உயிர்காப்பாளர் வராத நாளில் குளத்தைப் பூட்டவும் தெரிந்த ஒருவர் அங்கே பெரிய சொத்து.

இன்டர்ன்ஷிப் போகும்போது கொடி பிடிக்கவும் விருந்தினரை வரவேற்கவும் மட்டும் நிற்க வேண்டாம். ஒரு நாள் பதிவு மேசை, ஒரு நாள் கணக்கு, ஒரு நாள் மருத்துவக் குழு, ஒரு நாள் நடுவர்களின் பயணம், தங்குமிடம் என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். போட்டி முடிந்த மறுநாளும் போங்கள். ரசீது சரிபார்ப்பதும், சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப் பார்ப்பதும், வந்த புகார்களுக்குப் பதில் எழுதுவதும் அன்றைக்குத்தான் நடக்கும்.