வெள்ளியில் தொடங்கும் வாரம்: சென்னையில் திரைப்பட ரசிகர் தம் ஏழு நாள்களைத் திட்டமிடுவது எப்படி?

நாள்காட்டியில் வாரம் எந்தக் கிழமையிலும் தொடங்கட்டும். திரையரங்குக்குப் போவதை வழக்கமாகக் கொண்டவர்களுக்கு அது வெள்ளிக்கிழமை தொடங்கி வியாழக்கிழமை இரவோடு முடிகிறது. புதிய படங்கள் பெரும்பாலும் வெள்ளியன்று வருகின்றன. அவற்றுக்கு இடம் கொடுப்பதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் படங்களின் காட்சிகள் வியாழன் இரவோடு குறைக்கப்படுகின்றன அல்லது அடியோடு எடுக்கப்படுகின்றன. பொங்கல், தீபாவளி, ஆகஸ்ட் 15 போன்ற நாள்களை ஒட்டி வரும் பெரிய படங்கள் மட்டும் கிழமை பார்ப்பதில்லை. இந்த ஓட்டத்தைப் புரிந்துகொண்டு நாள்களை அடுக்கினால், அலுவலக வேலைக்கு ஊறு வராமல் வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு படங்களைப் பார்த்துவிட முடியும். சென்னையில் பல ஆண்டுகளாக நான் கடைப்பிடித்துவரும் முறையை இங்கே எழுதுகிறேன். மதுரையிலோ கோவையிலோ இருப்பவர்கள் அரங்குகளின் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும்.

சிறிய படம் முதலில், பெரிய படம் பிறகு

இந்த முறையின் அடிப்படை விதி ஒன்றுதான்: புகழ்பெற்ற நடிகர் இல்லாத சிறிய படத்தை வெள்ளி அல்லது சனிக்கிழமையே பார்த்துவிட வேண்டும், எல்லோரும் பேசும் பெரிய படத்தைச் செவ்வாய்க்கிழமைவரை தள்ளிப்போடலாம். பெரும்பாலான ரசிகர்கள் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். பெரிய படம் எங்கும் போய்விடாது. முதல் வாரம் முழுவதும் நகரின் ஒவ்வொரு வளாகத்திலும் அதற்குக் காட்சிகள் இருக்கும், செவ்வாய் மாலையில் நல்ல இருக்கையும் கிடைக்கும். சிறிய படத்தின் ஆயுளோ முதல் மூன்று நாள் வசூலைப் பொறுத்தது. ஞாயிறு இரவு கணக்குப் பார்க்கும் அரங்க மேலாளர், கூட்டம் வராத படத்தின் மாலைக்காட்சியைத் திங்கட்கிழமையிலிருந்து வேறு படத்துக்குக் கொடுத்துவிடுவார். எஞ்சுவது வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாத பகற்காட்சி மட்டுமே. நண்பர்கள் எல்லோரும் பாராட்டிய ஒரு படத்தை ஞாயிறன்று பார்க்கலாம் என்று ஒத்திவைத்து, அன்றைக்கு உறவினர் வந்துவிட்டதால் செவ்வாய்க்குத் தள்ளி, செவ்வாயன்று தேடியபோது தாம்பரத்துக்கு அப்பால் ஓர் அரங்கில் காலைக்காட்சி ஒன்று மட்டும் மிச்சமிருந்ததைக் கண்டபோதுதான் இந்த விதியை நான் வகுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மாலையே திட்டம் தொடங்கிவிட வேண்டும். வெள்ளிக்கிழமைக்கான காட்சிகள் பெரும்பாலும் புதன், வியாழன் ஆகிய நாள்களில்தான் முன்பதிவுத் தளங்களில் ஏறுகின்றன. பெரிய படங்களுக்கு இன்னும் முன்னதாகவே திறந்துவிடுவதும் உண்டு. அப்போது கவனிக்க வேண்டியது, ஒரு படத்துக்கு எத்தனை காட்சிகள் தரப்பட்டுள்ளன என்பதைவிட எந்த நேரத்தில் தரப்பட்டுள்ளன என்பதே. ஒரு படத்துக்கு நகரமெங்கும் காலை, பிற்பகல் காட்சிகள் மட்டும் கிடைத்திருந்தால், அது அடுத்த வாரம் இருக்காது என்று எடுத்துக்கொண்டு சனிக்கிழமை பிற்பகலை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

முதல் நாள் முதல் காட்சி

கொண்டாட்டத்துக்காகப் போகிறவர்களை நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் சில நடைமுறைகளை அவர்கள் அறிந்திருப்பது நல்லது. 2023 ஜனவரியில் இரண்டு பெரிய பொங்கல் படங்கள் ஒரே நாளில் வெளியானபோது, கோயம்பேட்டில் ஓர் அரங்கத்தின் அருகே ஓடும் லாரியிலிருந்து விழுந்து இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பிறகு அதிகாலை 4 மணிக் காட்சிகளுக்குத் தமிழ்நாட்டில் அனுமதி தரப்படுவதில்லை. சிறப்புக் காட்சி காலை 9 மணிக்குத்தான் தொடங்குகிறது. எல்லை தாண்டினால் நிலைமை வேறு என்பதால், கோவை ரசிகர்கள் விடியுமுன்னே பாலக்காட்டுக்கு வண்டி கட்டுவது இப்போது ஒரு புதிய சடங்காகவே ஆகிவிட்டது.

வெள்ளி காலைக்காட்சிக்காக அரைநாள் விடுப்பு எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்று படம் திரையரங்குக்கு ஒரு கோப்பாகத்தான் வந்து சேர்கிறது; குறியாக்கம் செய்யப்பட்ட அந்தக் கோப்பைக் குறிப்பிட்ட அரங்கில், குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் திறக்கும் மின்னணுச் சாவியைத் தொழில்துறையில் கேடிஎம் என்பார்கள். தயாரிப்பாளர் கடன் கொடுத்தவர்களுக்குத் தர வேண்டிய தொகை தீர்க்கப்படாதவரை அந்தச் சாவி வெளியிடப்படாமல் நிற்பதுண்டு. அதனால்தான் கோப்பு அரங்கில் தயாராக இருந்தும் காலைக்காட்சி ரத்தாகி, சமரசம் முடிந்தபின் பிற்பகலிலோ மாலையிலோ படம் தொடங்குகிறது. தேதி பலமுறை தள்ளிப்போன படம், நிதிச் சிக்கல் பற்றிய செய்திகள் அடிபட்ட படம் ஆகியவற்றுக்கு வெள்ளி இரவுக்காட்சியையோ சனிக்கிழமையையோ தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது. முன்பதிவுப் பணம் திரும்பக் கிடைத்துவிடும், விடுப்பு கிடைக்காது.

அரங்கும் இருக்கையும்

எந்தப் படத்தை எங்கே பார்ப்பது என்பதில்தான் ரசிகருக்கும் பொழுதுபோக்குக்காகப் போகிறவருக்கும் உள்ள வேறுபாடு தெரியும். படங்கள் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் எடுக்கப்படுகின்றன: உயரத்தைப்போல 2.39 மடங்கு அகலம் கொண்ட ஸ்கோப், 1.85 மடங்கு அகலம் கொண்ட ஃபிளாட். புதிய வளாகங்களில் ஒரு திரை இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கே ஏற்றதாக இருக்கிறது. மற்ற வடிவப் படம் அதில் ஓடும்போது பக்கங்களிலோ மேலும் கீழுமோ கறுப்புப் பட்டைகள் விழும். முன்பெல்லாம் அந்தப் பட்டையை மறைக்கத் திரைச்சீலை நகர்ந்து வந்து நிற்கும். அந்த அழகு அநேகமாக மறைந்துவிட்டது. நீங்கள் அடிக்கடி போகும் வளாகத்தில் எந்த எண் கொண்ட திரை எந்த வடிவத்துக்கு உகந்தது, எதில் டால்பி அட்மாஸ் ஒலி இருக்கிறது, எதில் ஒளி மங்கல் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவின்போது வளாகத்தின் பெயரைப் பார்ப்பதோடு நில்லாமல் திரையின் எண்ணையும் பார்ப்பது அவசியம். ஒரே வளாகத்தில் ஒரே படம் எழுநூறு பேர் அமரும் பெரிய அரங்கிலும், நூறு பேர் அமரும் சிறிய அறையிலும் ஒரே கட்டணத்தில் ஓடக்கூடும்.

இருக்கையைப் பொறுத்தவரை, திரையிலிருந்து பின்சுவர்வரை உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, அந்த வரிசையின் மையத்தில் அமர்வதே நல்லது. ஒலிக்கலவை செய்பவர்களும் ஏறத்தாழ அந்த இடத்தில் அமர்ந்துதான் வேலை செய்கிறார்கள். எல்லோரும் போட்டிபோடும் கடைசி வரிசை, சிறிய அரங்குகளில் தலைக்குமேல் ஒலிபெருக்கியும் முதுகுக்குப் பின்னால் சுவருமாக, உண்மையில் மோசமான இடங்களுள் ஒன்று. பழைய ஒற்றைத் திரை அரங்குகளில் பால்கனியின் முதல் இரண்டு வரிசைகளைவிடச் சிறந்த இடம் இல்லை. ஐமாக்ஸ் எனப்படும் மிகப்பெரிய திரையில் பார்க்க வேண்டுமென்றால் வேளச்சேரியிலும் வடபழனியிலும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதன் கூடுதல் கட்டணத்தை, அந்த வடிவத்துக்கென்றே திட்டமிட்டு எடுக்கப்பட்ட படங்களுக்கு மட்டும் கொடுப்பதே என் வழக்கம்.

செலவும் நேரமும்

தமிழ்நாட்டில் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு விதித்திருப்பது நம் நல்லூழ். 2017 அக்டோபரில் மல்டிபிளெக்ஸ்களுக்கான அடிப்படை உச்சவரம்பு 150 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரிகள் சேரும்போது சீட்டின் விலை அதைவிடக் கூடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான நுழைவுச்சீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 18 விழுக்காடு. ஆகவே கட்டணம் நூறைத் தாண்டாத புறநகர் ஒற்றைத் திரை அரங்கை வாரத்தில் ஒரு படத்துக்காவது பயன்படுத்துவது பைக்கும் நல்லது, அந்த அரங்குக்கும் நல்லது. அசோக் நகரின் உதயம் வளாகம் 2024இல் மூடப்பட்டபோது வருந்தியவர்களுள் எத்தனை பேர் அதற்கு முந்தைய ஆண்டு அங்கே சீட்டு வாங்கியிருப்பார்கள் என்று நான் எண்ணிப்பார்ப்பதுண்டு. வார நாள்களில் அரங்கின் கவுண்டரிலேயே வாங்கினால் ஒவ்வொரு சீட்டுக்கும் வசூலிக்கப்படும் இணையச் சேவைக் கட்டணம் மிச்சமாகும். மாதத்துக்குப் பதினைந்து படம் பார்ப்பவருக்கு அது இரண்டு நுழைவுச்சீட்டுகளின் விலைக்கு மேல் வரும்.

மெட்ரோ ரயில் இரவு 11 மணியோடு நின்றுவிடுவதால், வார நாள்களில் மாலை 6.30 மணியை ஒட்டிய காட்சியே வசதியானது. நம் படங்கள் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுவது சாதாரணம். இடைவேளையும் விளம்பரங்களும் சேர்ந்தால் மூன்று மணி நேரத்தைத் தொடும். இரவுக்காட்சிக்குப் போனால் திரும்பும் வழியைப் படம் தொடங்குமுன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் சான்றிதழையும் பார்க்க வேண்டும்: யு/ஏ பிரிவு இப்போது 7, 13, 16 ஆகிய வயதுகளின்படி மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது, ஏ சான்றிதழ் பெற்ற படத்துக்கு 18 வயது நிறையாதவர் பெற்றோருடன் வந்தாலும் அனுமதி கிடையாது.

வாரத்தின் நடுவே

செவ்வாய்க்குத் தள்ளிவைத்த பெரிய படத்தைப் பார்க்கும்வரை அதன் விமர்சனங்களிலிருந்து தப்பிப்பதுதான் இந்த முறையில் உள்ள ஒரே சிரமம். நான் வெள்ளி காலை முதல் யூடியூபைத் திறப்பதில்லை. நம்பிக்கைக்குரிய இரண்டு நண்பர்களிடம் ‘போகலாமா, வேண்டாமா?’ என்று மட்டும் கேட்பேன், காரணத்தைக் கேட்கமாட்டேன்.

புதன்கிழமையைப் பிறமொழிப் படங்களுக்கு ஒதுக்கலாம். மலையாளப் படங்கள் ஆங்கிலத் துணையுரையுடன் சென்னையில் தொடர்ந்து ஓடுகின்றன. நுங்கம்பாக்கத்தில் உள்ள பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மன் பண்பாட்டு மையமான கோத்தே நிலையம் ஆகியவற்றின் திரையிடல்களுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. அவற்றின் மாத நிகழ்ச்சிநிரலைக் கவனித்துவந்தாலே போதும். உலகப் படங்களை மொத்தமாகப் பார்க்க விரும்புகிறவர்கள், இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003 முதல் நடத்திவரும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு டிசம்பரில் ஒரு வார விடுப்பைச் சேமித்து வைக்கலாம். அதே மாதத்தில் திருவனந்தபுரத்தில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவும் நடக்கிறது. தேதிகள் அடிக்கடி மோதிக்கொள்வதால், நவம்பரிலேயே ஒன்றைத் தேர்ந்துவிடுவது நல்லது.

வரவிருக்கும் படங்களுக்காகக் காத்திருத்தல்

காத்திருப்பதையும் முறையாகச் செய்யலாம். ஒரு தாளில் மூன்று பகுதிகள் போதும்: அறிவிக்கப்பட்டவை, தணிக்கை முடிந்தவை, முன்பதிவு திறந்தவை. தலைப்பு அறிவிப்பு, முதல் தோற்றம், டீசர், முதல் பாடல், இசை வெளியீட்டு விழா, டிரெய்லர் என்று விளம்பரம் எவ்வளவு நீண்டாலும், அந்தப் படம் முதல் பகுதியிலேயே இருக்க வேண்டும். சுவரொட்டியில் உள்ள ‘கோடை வெளியீடு’ என்ற சொல்லுக்கு நான் எந்த மதிப்பும் தருவதில்லை. சான்றிதழ் கிடைத்தால் இரண்டாம் பகுதிக்கு மாற்றுங்கள். விடுப்பு, பயணம் போன்ற முடிவுகளை மூன்றாம் பகுதிக்கு வந்தபின்பே எடுங்கள். அப்போதும் முழு உறுதி கிடையாது. 2017இல் படப்பிடிப்பு தொடங்கிய ‘துருவ நட்சத்திரம்’ 2023 நவம்பர் 24 அன்று வெளியாகும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அன்றைய தினம் படம் வரவில்லை என்று அதன் இயக்குநர் கௌதம் வாசுதேவ் மேனனே தெரிவிக்க நேர்ந்தது.

எதிர்பார்ப்புப் பட்டியலை நடிகர்களின் பெயரால் நிரப்புவதைவிட ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒலி வடிவமைப்பாளர், வசனகர்த்தா ஆகியோரின் பெயரால் நிரப்பிப்பாருங்கள். பார்த்த படத்தில் பிடித்த ஒரு காட்சிக்குக் காரணமானவரின் பெயரை இறுதிப் பெயர்வரிசையில் கண்டுபிடித்து, அவருடைய அடுத்த படத்தைப் பட்டியலில் சேர்ப்பது என் வழக்கம். பலரும் கவனிக்காத நல்ல படங்கள் இந்த வழியில்தான் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கின்றன. முன்னோட்டங்களில் டீசர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன். டிரெய்லரில் கதையின் பாதியைச் சொல்லிவிடுவது நம்மவர்களின் பழக்கம்.

ஓடிடியையும் கணக்கில் கொள்ள வேண்டும். தமிழ்ப் படங்கள் திரையரங்கில் வந்து ஏறத்தாழ நான்கு வாரங்களில் வீட்டுத் திரைக்கு வந்துவிடுகின்றன. இதை எட்டு வாரமாக நீட்ட வேண்டும் என்று திரையரங்கு உரிமையாளர்கள் தொடர்ந்து கேட்டுவருகிறார்கள். நான்கு வாரம் பொறுத்தால் வீட்டிலேயே பார்க்கலாம் என்ற எண்ணம் வரும்போது, அந்தப் படத்தின் ஒலியும் அகலமும் வீட்டில் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டுப்பாருங்கள்; உரையாடலால் நகரும் குடும்பக் கதைக்குப் பெரிய இழப்பில்லை, இருட்டிலும் மௌனத்திலும் நடக்கும் கதைக்கு இழப்பு மிகுதி. மறுவெளியீடுகளையும் பட்டியலில் சேருங்கள். 2004இல் வந்த ‘கில்லி’ 2024 ஏப்ரலில் மீண்டும் திரையிடப்பட்டு அரங்குகளை நிறைத்தபின், பழைய படங்களைப் புதுப்பித்து வெளியிடுவது பெருகியுள்ளது; அவை பெரும்பாலும் சில நாள்களே ஓடுவதால் சிறிய படங்களுக்கான விதி அவற்றுக்கும் பொருந்தும்.

வியாழன் மாலையை எதற்கும் உறுதியாகக் கொடுக்காமல் வைத்திருங்கள். மறுநாளைய அட்டவணையைப் பார்த்து, எந்தப் படம் எடுக்கப்படுகிறது என்று கண்டறிந்து, தவறவிட்டது ஏதேனும் இருந்தால் அதன் கடைசிக் காட்சிக்குப் போகலாம். ஆனால் பார்வையாளர் மிகக் குறைவாக இருந்தால் சில அரங்குகள் காட்சியையே ரத்துசெய்துவிடும் என்பதால், புறப்படுமுன் முன்பதிவுப் பக்கத்தில் எத்தனை இருக்கைகள் நிரம்பியுள்ளன என்று பாருங்கள். ஒன்றுமே நிரம்பவில்லையென்றால் தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று நண்பர்களையாவது அழைத்துக்கொண்டு போங்கள்.