மிச்சமிருக்கிற டிம்மர் சேனல்ல காத்தாடி, பம்ப் ஆன் ஆஃப் பண்ணணுமா? இப்படி பண்ணுங்க

கோலாலம்பூர்ல ஆட்டோமேஷன் போட்ட நிறைய வீட்ல இதே கதைதான். டிபி பாக்ஸ்ல (வீட்டு மெயின் சுவிச் பெட்டி) எட்டு சேனல் டிம்மர், அதாவது லைட் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி, மாட்டியிருப்பாங்க, லைட்டுக்கு அஞ்சாறு போக மீதி சும்மா கிடக்கும், ஆனா வெறும் ஆன் ஆஃப் பண்ற ரிலே சேனல் ஒண்ணுகூட மிச்சமிருக்காது. 100% வச்சா ஆன், 0 வச்சா ஆஃப், அவ்ளோதானேன்னு காத்தாடி வயரை நேரா டிம்மர்ல கொடுக்கத் தோணும். கொடுக்காதீங்க லா.

ஏன்னா டிம்மர் சேனலோட ஆனும் சுவிச்சோட ஆனும் ஒண்ணு இல்ல. நம்ம ஊரு கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு செகண்டுக்கு 100 அரை அலை, ஒவ்வொண்ணும் 10 மில்லி செகண்ட். நிறைய வீட்டு டிம்மர்ல உள்ள இருக்கிறது ட்ரையாக்னு ஒரு எலெக்ட்ரானிக் சுவிச், அது ஒவ்வொரு அரை அலையிலயும் கொஞ்சம் லேட்டா திறந்துவிட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்குது, 100% வச்சாலும் அலையோட ஆரம்பத்துல ஒரு துண்டு போயிடும். ஆஃப் பண்ணாலும் முழு ஆஃப் கிடையாது, ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா கொஞ்சூண்டு கரண்ட் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். சாமி மேடை எல்இடி சீரியல் லைட்டை டிம்மர்ல கொடுத்துப் பாருங்க, ஆஃப் பண்ண பிறகும் மங்கலா எரியும், பேய் இல்ல, இந்த கசிவுதான்.

காத்தாடி, பம்ப் மாதிரி மோட்டார் இருக்கிற சாமான்ல இன்னும் மோசம். வோல்டேஜுக்கு பின்னாடி கரண்ட் லேட்டா வரும், அதனால ட்ரையாக் சில நேரம் ஒரு பக்கத்து அலையை மட்டும் போக விட்டுட்டு இன்னொரு பக்கத்தை கோட்டை விட்டுடும், அப்போ வைண்டிங்ல டிசி மாதிரி ஓடி ஹம்முன்னு சத்தம், சூடு, கடைசில புகை.

சரி, முதல்ல லோடைப் பிரிங்க. பழைய மஞ்சள் குண்டு பல்பு, 230 வோல்ட் ஹாலஜன், இதெல்லாம் சேனலோட வாட் அளவுக்குள்ள இருந்தா நேரா கொடுக்கலாம். 1 ஆம்பியர் சேனல்னா 230 வாட் வரைதான். காத்தாடி, பம்ப், டிம் ஆகாத எல்இடி, சார்ஜர், டிவி எதுவும் நேரா வேண்டாம். 3.6 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் கிட்டத்தட்ட 16 ஆம்பியர் இழுக்கும், அதை நினைச்சே பார்க்காதீங்க.

மத்ததுக்கெல்லாம் வழி, டிம்மர் கையில கட்டளையை மட்டும் கொடுத்துட்டு வேலையை ஒரு கான்டாக்டர் (காயிலுக்கு கரண்ட் வந்தா உள்ள இருக்கிற கான்டாக்ட் சேர்ந்து லோடை ஆன் பண்ற சுவிச்) கையில கொடுக்கிறது. டிபி ரெயில்ல மாட்டுற சைஸ்லயே, 230 வோல்ட் காயில் போட்டது, ஜாலான் பாசார் பக்கத்து எலெக்ட்ரிக் கடைல கேட்டா கிடைக்கும். பம்ப்புக்கு வாங்கறப்போ மோட்டாருக்குன்னு போட்டிருக்கிற ஆம்பியரைப் பாருங்க, பெட்டி மேல பெருசா போட்டிருக்கிற நம்பர் பெரும்பாலும் ஹீட்டர் மாதிரி லோடுக்கு.

வயரிங் இப்படி: டிம்மர் சேனல் அவுட்புட் காயிலோட ஏ1 முனைக்கு, ஏ2 முனை டிம்மர் எந்த ஆர்சிசிபில (கரண்ட் கசிஞ்சா லைனை வெட்டுற சுவிச்) இருந்து வருதோ அதே நியூட்ரலுக்கு. பம்ப்போட லைவ் வேற எம்சிபில (லைனுக்கு ஒண்ணா இருக்கிற சின்ன பிரேக்கர்) இருந்து நேரா கான்டாக்ட் வழியா போகணும், டிம்மர்ல தொடவே கூடாது. நியூட்ரலை மட்டும் மாத்திக் கொடுத்தீங்கன்னா ஆர்சிசிபி விழுந்துக்கிட்டே இருக்கும், நம்ம வீடுகள்ல ஹீட்டருக்குத் தனியா 10 மில்லி ஆம்பியர் ஒண்ணும் மத்ததுக்கு வேற ஒண்ணும் இருக்கிறதால இது ரொம்ப ஈசியா நடக்கும். இப்போ அந்த கான்டாக்டருக்குள்ள ரெண்டு எம்சிபி கரண்ட் வருது, ஒண்ணை அடைச்சாலும் இன்னொண்ணு உயிரோட இருக்கும், அதனால மேல ஒரு ஸ்டிக்கர் கட்டாயம். இந்த ஸ்க்ரூடிரைவர் வேலை மட்டும் சுருஹான்ஜாயா தெனாகால (எரிசக்தி ஆணையம்) பதிவு பண்ண வயர்மேன்தான் செய்யணும், நீங்க படம் வரைஞ்சு கொடுங்க, புரோகிராமை நீங்களே பண்ணுங்க.

இங்கதான் பலர் மாட்டிக்குவாங்க. காயில் பிடிச்சு வச்சிருக்க சில வாட்தான் எடுக்கும், 4 விஏன்னு (வோல்ட்டை ஆம்பியரால பெருக்குன அளவு) வச்சுக்கிட்டா 17 மில்லி ஆம்பியர், ட்ரையாக் பிடிச்சு நிக்க அது பத்தாம கான்டாக்டர் கடகடன்னு அடிக்கும். காயிலுக்கு பேரலலா டிம்மர் கம்பெனி விக்கிற டம்மி லோடு (கரண்ட் இழுக்கறதுக்கு மட்டும் இருக்கிற சாமான்) ஒண்ணு போடுங்க. சோதிக்க மட்டும் 25 வாட் குண்டு பல்பு போட்டுப் பார்க்கலாம், அடிக்கிறது நின்னா காரணம் அதான். டிரெய்லிங் எட்ஜ் டிம்மர்னா (அரை அலையோட கடைசித் துண்டை வெட்டுற வகை) காயிலே கொடுக்காதீங்க, பாதி அலைல கரண்டை வெட்டுறப்போ காயில் திருப்பி அடிக்கிற வோல்டேஜ் டிம்மரைக் கொன்னுடும்.

புரோகிராம்ல அந்த சேனலுக்கு ‘சுவிச்’ மோட் இருந்தா போடுங்க. இல்லைன்னா ரேம்ப் டைம் (மெதுவா ஏறி இறங்குற நேரம்) 0, மினிமம் மேக்ஸிமம் ரெண்டும் 100. சுவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சா டிம் ஆகுற வேலையை எடுத்துடுங்க. அப்புறம் சீன் (ஒரே பட்டன்ல பல சேனலை செட் பண்றது) எல்லாத்தையும் ஒருக்கா திறந்து பாருங்க, ‘படம் பார்க்கிற நேரம், ஹால் 30%’ன்னு போட்ட சீன்ல இந்த சேனலும் சேர்ந்திருந்தா எடுத்துடுங்க, மினிமம் 100 பதியாம போயிருந்தா காயில் 30 சதவீதத்துல துடிச்சு கருகிடும்.

சோதிக்கறப்போ ஒண்ணு, லோடு இல்லாத சேனல்ல மீட்டர் வச்சா ஆஃப்லயே நூத்துக்கணக்கில வோல்ட் காட்டலாம், அது அந்த கசிவு, பல்பு ஒண்ணு மாட்டிட்டு அளந்து பாருங்க. ஆனா கசிவுதானேன்னு வெறுங்கையால தொடாதீங்க.

ஆட்டோ கேட்டும் இதே முறைல பண்ணலாமான்னா, பண்ணலாம், ஆனா கேட் போர்டுல புஷ் பட்டன் முனைக்கு 230 வோல்ட் போனா போர்டு காலி. டிம்மர் அவுட்புட் ரிலே காயிலுக்கு மட்டும், ரிலேயோட எந்த வோல்டேஜும் கொடுக்காத கான்டாக்ட் ரெண்டு கால் மட்டும் பட்டன் முனைக்கு, சேனலை ஒரு செகண்ட் ஆன் ஆகி தானா ஆஃப் ஆகுற மாதிரி டைமர் போட்டுடுங்க.