நத்தார் நாள் பேச்சு வானொலி: மேடையை வாசலில் கழற்றி வையுங்கள்

மார்கழியில் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், நெருங்கினால் மட்டக்களப்பில் எங்காவது ஒரு பங்கு இளைஞர் குழுவோ பாடசாலை ஊடகக் கழகமோ, "நத்தாருக்கு நாள் முழுக்க வானொலி செய்வோம்" என்று கிளம்பிவிடும். இணைய வானொலிக்கு ஒரு மடிகணினியும் இரண்டு மைக்கும் போதும். பாட்டுப் போட்டு நாளை ஓட்டுவது சுலபம். பேச்சால் நிரப்புவதுதான் பாடு. மூன்று நத்தாருக்கு இந்த வேலையைச் செய்து, விடக்கூடிய பிழைகளில் பாதியையாவது நானே விட்டிருக்கிறேன்.

அநேகமான பிழைகளுக்கு வேர் ஒன்றுதான். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பரில். நூறு வருடம் கேட்டுப் பழகியும், மைக்கைக் கண்டவுடன் நமக்கு மேடைதான் ஞாபகம் வருகிறது. கூத்து, பட்டிமன்றம், தமிழ்த்தினப் போட்டி என்று சின்ன வயதிலிருந்தே கூட்டத்தைப் பார்த்துப் பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். வானொலியின் மறுபக்கத்தில் கூட்டம் இல்லை. ஒரு அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருக்கிறார். ஒரு தம்பி பாலன் குடிலுக்கு வைக்கோல் ஒட்டுகிறான். "பேரன்பும் பெருமதிப்பும் மிக்க நேயப் பெருமக்களே!" என்று முழங்கினால் அந்த அம்மா எண்ணெய்ச் சட்டியைத்தான் பார்ப்பார். "அடுப்படியில் நிற்கிறீர்களா? வேலை செய்துகொண்டே கேளுங்கள்" என்றால் ஒரு காதாவது இந்தப் பக்கம் திரும்பும்.

மட்டக்களப்பின் பட்டப்பெயரை வைத்து "மீன்பாடும் தேனாட்டிலிருந்து" என்று தொடங்குவதையும் தயவுசெய்து விடுங்கள். கல்லடிப் பாலத்தடி மீன் ஒலியை 1950-களில் இங்கிருந்த ஓர் அமெரிக்க இயேசு சபைக் குருவானவர் பதிவுசெய்ய, அது இலங்கை வானொலியில் ஒலித்தது. அருமையான விஷயம். ஆனால் மீன் பாடுவது வெயில் காலத்து நிலா இரவில் என்பார்கள். டிசம்பர் வாவி மழைத்தண்ணீரில் கலங்கிக் கிடக்கும்.

அடுத்தது வாழ்த்துச் செய்தி. தலைவர், செயலாளர், பொருளாளர், புரவலர் என்று வரிசை கட்டி வருவார்கள். 1932 நத்தார் அன்று பிரித்தானிய அரசர் ஐந்தாம் ஜோர்ஜ் முதல் தடவையாக வானொலியில் வாழ்த்துச் சொன்னார். எழுதிக் கொடுத்தவர் எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங். ஆங்கிலத்தில் மொத்தம் 251 சொற்கள். ஒரு பேரரசு முழுவதற்கும் அது போதுமாக இருந்தது. எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம் போதவில்லை. இடையில் நிறுத்தவும் முடியாது, மனத்தாங்கலாகிவிடும். நாங்கள் கண்டுபிடித்த வழி, வாழ்த்தே கேட்காமல் கேள்வி கேட்பது. "ஐயா, சின்ன வயதில் உங்கள் வீட்டு நத்தார் எப்படி?" என்றதும் அதே தலைவர், புதுச் சட்டை வரப் பிந்தியதால் பழைய சட்டையோடு பூசைக்குப் போன கதையைச் சொன்னார். மூன்று நிமிடம். அன்றைய நாளின் நல்ல துண்டு அதுதான்.

எழுதி வாசிப்பவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எழுதியதை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்; மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வசனத்தை முறியுங்கள்.

சரி, நாடகம். பாலன் பிறப்பு நாடகப் பிரதி எல்லா ஆலயத்திலும் ஒன்று இருக்கும். அதை அப்படியே மைக் முன் வாசிப்பதுதான் பொதுவான தவறு. மேடையில் "அதோ பாருங்கள்!" என்றால் காகித நட்சத்திரம் இறங்கும். வானொலியில் ஒன்றும் இறங்காது. பார்த்ததை வாயால் சொல்ல வேண்டும், அல்லது ஆட்டு மந்தை ஒன்று கலைந்து கத்துவதைக் கேட்க வைக்க வேண்டும். இன்னொன்று, நான்கு இடையர்களுக்கும் ஒரே வகுப்புப் பையன்களைப் போட்டால் யார் பேசுகிறார் என்றே தெரியாது. குரல் வித்தியாசம் கிடைக்காவிட்டால் பேச்சில் வித்தியாசம் காட்டலாம். ஏரோது அரசன் செந்தமிழ் பேசட்டும். இடையர்கள் "மறுகா (பிறகு) என்ன நடந்த?" என்று நம்ம ஊர்ப் பேச்சில் கதைக்கட்டும். அப்புறம், "மூன்று ராஜாக்கள்" என்று அறிவிக்கும் முன் மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வந்தவர்கள் எத்தனை பேர் என்று அங்கே இல்லை. ராஜாக்கள் என்றும் இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாகிவிட்டது.

அந்த "மறுகா"வைப் பற்றி இன்னும் கொஞ்சம். முதியவர்களைப் பேட்டி எடுத்துவிட்டு, அவர்களுடைய "மறுகா", "ஒண்ணா" (இயலாது) எல்லாவற்றையும் வெட்டித் துப்புரவாக்கும் தம்பிமார் இருக்கிறார்கள். வெட்டிய பிறகு மிஞ்சுவது தகவல் மட்டும், ஆச்சி போய்விடுவார். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பங்களில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசக்கூடியவர் கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பை அவர் குரலுக்கு மேல் உடனே ஏற்றிவிடாதீர்கள். முதலில் பத்து இருபது விநாடி அந்த மொழியே தனியாகக் கேட்கட்டும். "நத்தார்" என்ற சொல்லே போர்த்துக்கேய "நத்தால்" வழியாக வந்ததுதானே. நேயர் காது அதைத் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆலய அறிவித்தல் வாசிக்கும்போது சொல் மாறினால் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். கத்தோலிக்கருக்குத் திருப்பலி, அருட்தந்தை. 1814-இலிருந்து இங்கே இருக்கும் மெதடிஸ்தருக்கு ஆராதனை, போதகர். "மெதடிஸ்த ஆலயத்தில் நள்ளிரவுத் திருப்பலி" என்று ஒருமுறை வாசித்துவிட்டு இரண்டு பக்கத்தாரிடமும் வாங்கிக் கட்டியிருக்கிறேன். கேட்பவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் என்று நினைப்பதும் பிழை. முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஆட்கள் கேட்கிறார்கள். திருவருகைக்காலம் என்றால் நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளையும் உள்ளடக்கிய ஆயத்தக் காலம் என்று ஒரு வரி சொன்னால் குறைந்துவிடாது.

நேரத்தைச் சொல்வதிலும் கவனம். இணைய வானொலியை வெளிநாட்டிலிருந்துதான் நிறையப் பேர் கேட்பார்கள். இங்கே நள்ளிரவு 12 என்றால் கட்டாரில் இரவு 9.30, லண்டனில் மாலை 6.30, ரொறன்ரோவில் பகல் 1.30. "இன்றிரவு" என்று மட்டும் சொன்னால் ரொறன்ரோ மகன் அம்மாவின் பேட்டியைத் தவறவிடுவான்.

ஒலிப்பதிவில் நம்முடைய பெரிய எதிரி மழை. தகரக் கூரைக்குக் கீழே பேட்டி எடுத்தால் பிறகு எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. நவம்பர் முதல் வாரமே பதிவைத் தொடங்குங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை விமான நிலைக்கு மாற்றுங்கள், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக்கைப் பிடியுங்கள். பேச்சு முடிந்ததும் எல்லோரும் அசையாமல் இருக்க, அந்த அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிந்து வைத்தால் வெட்டி ஒட்டும்போது கைகொடுக்கும். நேரலையில் அழைப்பு எடுப்பதானால், இணைய ஒலிபரப்பு பல விநாடி பிந்தித்தான் போகும். அழைப்பவர் தன் பக்கத்துச் சத்தத்தை நிறுத்தாவிட்டால் தன் குரலையே கேட்டுத் தடுமாறுவார்.

கடைசியாகச் சொல்வது எனக்குச் சுலபமில்லை. 2004-இல் சுனாமியாய்க் கடல் வந்தது நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிறும் பூரணையும் சேர்ந்த காலையில். நாவலடி, கல்லடி, டச்பார், தெற்கே கல்முனை என்று கரை நீளத்துக்கும் ஆட்களைக் கொண்டுபோனது. இறந்தவர் தொகை நாட்டிலேயே அதிகமாக இருந்தது அம்பாறை மாவட்டத்தில். எங்கள் குழுவில் ஒரு தம்பி, 2004-க்குப் பிறகு பிறந்தவன், ஒரு செபத்துக்குப் பின்னணியாக அலைச் சத்தத்தை மெல்லப் போட்டான். காதுக்கு அழகாகத்தான் இருந்தது. கல்லடியிலிருந்து ஒரு அக்கா அழைத்து, "தம்பி, அதை மட்டும் எடுத்துவிடுங்கோ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதைவிட மோசமானதும் எங்களிடம் நடந்தது. நிகழ்ச்சிகளை வரிசையாக ஓடவிடும் மென்பொருளை நிறுத்த யாருக்கும் ஞாபகம் வரவில்லை. 25 முடிந்தும் அது முதலிலிருந்து திரும்ப ஓடிக்கொண்டேயிருந்தது. 26 காலை ஒன்பது மணிக்குக் கடற்கரையில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் யாருடைய போனிலோ எங்கள் நத்தார் தாத்தா பகிடி நிகழ்ச்சி, என் சிரிப்போடு.

இப்போது 25 நள்ளிரவோடு ஒலிபரப்பு தானாக நிற்கும்படி முதலில் அமைக்கிறோம். நிகழ்ச்சி நிரல் எழுத உட்காருவது அதற்குப் பிறகுதான்.